எட்டாம் நாள் இறுக்கு

திருச்சி நெடுஞ்சாலையில் கொட்டாம்பட்டி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் முத்திருளனைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டை. கையில் பதினாலாம் நம்பர் ஸ்பேனர். வருகிற பைக்குகளின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பார். சில வண்டிகளைக் கைகாட்டி நிறுத்துவார். பைத்தியம் என்று சிலர் சொல்கிறார்கள். போலீசுக்கு ஆள் காட்டுகிறவர் என்று சிலர். இரண்டும் பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்துக்கு நிலத்தில் இருந்த உரிமை வரப்பில் நடக்கிற உரிமை, அதுவும் கேட்டுவிட்டு. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. மதுரைக்கு வந்து பத்து வருஷம் அடுத்தவன் பட்டறையில் கிடந்து, பிறகு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாகக் கடை போட்டார். எட்டடிக்குப் பத்தடி. ஒரு பக்கம் லாட்ஜ் சுவர். மறுபக்கம் பீமாராவின் லேத் பட்டறை. மெக்கானிக் சங்கத்துக்குச் சந்தா கேட்டு நான் போகும்போதெல்லாம் முதல் ஆளாகக் கொடுப்பார். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார். "பேச்ச நீங்க பாருங்கண்ணே, வண்டிய நான் பாக்குறேன்" என்பார்.

அவர் பெயர் பெற்றது ஒரே வேலையில். அந்தச் சந்தில் அதற்குத் 'தலை மாத்துறது' என்று பெயர்.

ஏழைகள் ஓட்டுகிற ஒரு நூறு சிசி வண்டி. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷ மாடலில் முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக். பிடித்தால் பிடித்த மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் நாலு வருஷத்தில் தளர்ந்து, பள்ளத்தில் விழும்போதெல்லாம் கட்டைச் சத்தம் போடும். அதே வண்டிக்குப் பதினாலாம் வருஷம் டிஸ்க் பிரேக் வந்தது, ஃபோர்க்கும் மெத்தென்று ஆனது. பின்பக்கம் நசுங்கிய பதினாலு மாடல்கள் காயலான் கடைக்கு வரும். முத்திருளன் அதன் முன்பக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்வார். ஃபோர்க் கால் இரண்டு, சக்கரம், டிஸ்க், அதைக் கவ்வும் காலிப்பர், ஹேண்டிலில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா எல்லாவற்றையும் ஒன்பது மாடலில் ஏற்றுவார். மூன்று மணி நேரத்தில் கிழட்டு வண்டி புது வண்டி மாதிரி நிற்கும். இருநூறு வண்டிக்கு மேல் மாற்றியிருக்கிறார்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு ஃபோர்க் கால்களையும் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப், பழைய வண்டியில் முப்பத்தொரு மில்லிமீட்டர் ஓட்டை உடையது. பதினாலு மாடலின் ஃபோர்க் கால் முப்பது மில்லிமீட்டர். ஒரு மில்லி குறைத்துவிட்டார்கள். கிளாம்ப்பையும் சேர்த்து மாற்றலாமே என்பீர்கள். முடியாது. புதுக் கிளாம்பின் தண்டு பழைய வண்டியின் கழுத்துக்குள் நுழையாது. பழைய வண்டிக்காரன் பழைய வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நம் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்.

அந்த ஒரு மில்லிக்கு முத்திருளன் தகடு சுற்றினார். ஆயில் டின்னைக் கத்தரித்து, ஃபோர்க் காலைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, கிளாம்ப்புக்குள் விட்டு இறுக்குவார். சந்தில் எல்லோரும் செய்வதுதான். பீமாராவுக்கு மட்டும் அது பிடிக்காது.

"ஏய்யா, மனுசன் உசுரு போற எடத்துல டின்ன வெட்டி வைக்கிற? ஒரு மணி நேரம் குடு, அந்த ஒரு மில்லிக்கு அளவா பித்தளையில புஷ் கடைஞ்சு தாரேன்."

"ஒன் லேத்துல ஒரு மணி நேரம்னா ஊருல சாயங்காலம்யா. போயி குக்கர் மூடிக்கு ஆணி கடை, போ."

இது தினமும் நடக்கிற சண்டை. இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

தகரம் புதிதாக இருக்கும்போது இறுக்கம் நன்றாக நிற்கும். ஓட ஓடத் தகரம் நசுங்கி இடம் கொடுக்கும். அதனால் எட்டு நாள் ஓட்டியபிறகு ஒருமுறை எல்லாப் போல்ட்டையும் இறுக்கியாகவேண்டும். இது முத்திருளனுக்குத் தெரியும். ஆனால் வண்டிக்காரன் வரமாட்டான். நல்லாத்தான் ஓடுது என்று இருந்துவிடுவான். இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எல்லோரும் செய்வது. தலை மாற்றிய வண்டிக்கும் பழம் வைக்கவேண்டும் என்று கேட்பார்கள். முத்திருளன் அன்றைக்கு வைக்கவிடமாட்டார். "முத நாளு பழம் கம்பெனி வண்டிக்கு. ஒட்டுப்போட்ட வண்டிக்கு எட்டாம் நாளுதேன்" என்பார். அப்படி எந்தச் சாஸ்திரமும் கிடையாது. அவரே உண்டாக்கியது. ஆனால் வேலை செய்தது. இறுக்கத்துக்கு வராதவன் பழத்துக்கு வந்தான். வந்தவனை உட்காரவைத்து, போல்ட்டை இறுக்கி, பிறகு பழத்தை வைத்து ஏற்றி அனுப்புவார். பழம் நசுங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். ஆட்களைத் திரட்ட முப்பது வருஷம் நோட்டீஸ் அடித்தவன் நான். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை.

ராஜபாண்டி அவருடைய தங்கை பாண்டிச்செல்வியின் வீட்டுக்காரர். மேலூர்ப் பக்கம் ஒரு முட்டைக் குடோனில் லைன் ஓட்டினார். பைக்கின் பின்னால் இருபது அட்டை முட்டையைக் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை, புரோட்டாக் கடைகளுக்குப் போடவேண்டும். உடைந்த முட்டை அவர் தலையில். அதனால் பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, அறுவடை வயலில் பாம்பைத் தாண்டுகிறவர் மாதிரி வண்டி ஓட்டுவார்.

ஒருநாள் வண்டியோடு சந்துக்கு வந்தார்.

"மச்சான், தலை மாத்திவிடு."

"ஒனக்கு எதுக்கு மாப்ள டிஸ்க்கு? நீ போற வேகத்துக்கு ஆட்டுக்குட்டி முந்திப் போகுது."

"ஆட்டுக்குட்டிக்குப் பின்னால அறுநூறு முட்டையக் கட்டி ஓடச் சொல்லு, பாப்பம். வண்டி டங்கு டங்குனு அடிக்குது மச்சான். முட்டை குடோன விட்டு ஏறயிலயே ஆம்லெட்டுக்குத் தயாராகிருது."

லேத்துக்குப் பின்னாலிருந்து பீமாராவ் தலையை நீட்டினார். "மாப்பிள்ளைக்காச்சும் புஷ் போடுய்யா. தங்கச்சி தாலி."

"நாளைக்கு லைன் இருக்குண்ணே. வெரசா முடிச்சு விடச் சொல்லுங்க" என்றார் ராஜபாண்டி.

தகடுதான் வைத்தார் முத்திருளன். அன்று சாயங்காலம் ராஜபாண்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, "மச்சான், மெத்தையில படுத்தமாதிரி இருக்கு" என்றார். ஷட்டரில் சாக்கட்டியால் தேதி எழுதினார் முத்திருளன். எட்டாம் நாள் வியாழக்கிழமை.

வியாழக்கிழமை ராஜபாண்டி சரியாக வந்தார். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம். சந்து அன்று சந்தாக இல்லை. யாரோ ஒரு தலைவர் அந்த வழியாகப் போகிறாராம். ரோட்டோரம் எதுவும் இருக்கக்கூடாது, பன்னிரண்டு மணிக்குள் காலி செய்யுங்கள் என்று போலீஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முத்திருளனும் மலையம்மாளும், அதாவது அவர் மனைவியும், டூல்ஸை எல்லாம் சாக்கில் போட்டுக் கட்டி, வெளியே நின்ற வண்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, ஸ்பேனரு சாக்குக்குள்ள அடியில கெடக்கு. நாளைக்கு வா."

"நாளைக்கு துவரங்குறிச்சி வரைக்கும் போகச் சொல்லிருக்காங்க மச்சான். ஒரு வாரத்துக்கு அங்கிட்டுத்தேன்."

"அப்பச் சரி, அடுத்த வாரம் வா."

"பழம் வாங்கியாந்துட்டனே. திரும்பக் கொண்டு போனா ஒன் தங்கச்சி என்னயப் புழிஞ்சு குடிச்சிருவா."

முத்திருளன் சிரித்தார். ஹேண்டிலைப் பிடித்து மூன்றுமுறை அமுக்கிப் பார்த்தார். ஃபோர்க் நன்றாக இறங்கி ஏறியது. பின்னால் விசில் ஊதினார்கள். "சரி, பழத்த வையி. இறுக்கு பெறகு பாத்துக்கலாம்" என்றார்.

ராஜபாண்டி பழத்தை வைத்து ஏற்றினார். பழம் நசுங்கியது. கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? பழம்தான் ஏற்றியாகிவிட்டதே. முத்திருளன் ஷட்டரைப் பார்த்தபோது தேதி இல்லை. வண்டிகளை அவசரமாக உள்ளே தள்ளியதில் அழிந்துபோயிருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

தலை மாற்றி இருபத்துமூன்றாவது நாள், காலை பத்து மணிக்கு, கொட்டாம்பட்டி தாண்டி ஒரு வேப்பமரத்துக்கு நேரே ஆட்டுமந்தை ரோட்டைக் கடந்தது. ராஜபாண்டி பிரேக் பிடித்தார். முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பிச் சாய்ந்தது. பின்னால் வந்த லாரி நிற்க முடியவில்லை.

ரோடெல்லாம் மஞ்சள் கரு. ஊர் ஊராக அதைத்தான் பேசினார்கள். செத்த மனிதனைப் பற்றி ஸ்டேஷனில் ஒரே வரி எழுதினார்கள்: அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டித் தானே விழுந்து இறந்தார். எழுதுவதற்கு எளிதான வரி அதுதான்.

துக்க வீட்டில் ராஜபாண்டியின் அண்ணன் மருது, பந்தலில் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "டிஸ்க்கு போட்டதுல இருந்தே பயலுக்குக் காலு தரையில நிக்கல. பறந்திருப்பான்."

பாண்டிச்செல்வி உள்ளே இருந்து வந்தாள். "எவரு பறந்தாரு? முட்டை வச்சிருக்கவரு பறப்பாரா? பதினேழு வருசம் குடும்பம் நடத்துனவ சொல்றேன், அவரு வேகமாப் போகல." அப்புறம் அண்ணனைப் பார்த்தாள். "நீ சொல்லுண்ணே. நீ சொன்னா நம்புவாக. வண்டி ஒனக்குத்தேன் தெரியும்."

முத்திருளன் கொல்லைப் பக்கம் எழுந்து போனார்.

இதுதான் விஷயம். ஒரு மனிதன் செத்தபிறகும் குற்றவாளியாக நிற்கிறான். அவன் வேகமாகப் போனானா, இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவருக்கும் அதுவரை நிச்சயமாகத் தெரியாது. சந்தேகம் மட்டும்தான். பார்க்கவேண்டியது வண்டியை.

பத்து நாள் கழித்து வண்டியை எடுத்துப்போகச் சொன்னார்கள். பீமாராவையும் கூட்டிக்கொண்டு போனார் முத்திருளன். ஸ்டேஷனுக்குப் பின்னால் முள்செடிக்குள் கிடந்தது. சீட்டில் முட்டைக் கரு காய்ந்து எறும்பு மொய்த்தது. முத்திருளன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளாம்ப்பைப் பார்த்தார். இடது ஃபோர்க் கால் இருந்த இடத்தில் இருந்தது. வலது கால், டிஸ்க் இருக்கிற கால், கிளாம்ப்பைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது. தகரத் துண்டு பாதி வெளியே வந்து நாக்கு மாதிரித் தொங்கியது.

"லாரி அடிச்ச அடியில ஏறிருக்கும்யா" என்றார் பீமாராவ். "விடு."

முத்திருளன் சட்டை நுனியால் அந்தக் காலைத் துடைத்தார். "இங்க பாரு."

பளபளப்பான இரும்பில் கோடுகள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, மயிரிழை மயிரிழையாக, எண்ண முடியாத கோடுகள். மேலே இருந்தவற்றில் துரு ஏறியிருந்தது. கீழே இருந்தவை புதிது.

"ஒரே அடியில ஏறியிருந்தா ஒரே கோடு. இது ஒவ்வொரு தடவ பிரேக் புடிக்கயிலயும் கொஞ்சங் கொஞ்சமா ஏறிருக்கு. கடைசியா ஆட்டுக்கு முன்னால புடிச்சது மிச்சத்த ஏத்திருச்சு. சக்கரம் கோணிருச்சு. மாப்ள பைய்யத்தேன் போயிருக்கான் பீமா."

பீமாராவ் விரலால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அத உருவித் தூரப் போடு. ஒருத்தனுக்கும் தெரியப்போறதில்ல" என்றார். நண்பனுக்காகச் சொன்னதுதான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முத்திருளன் உருவினார். தூரப் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் கருமாதி. தாலி இறக்கிய பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கோடிச்சேலை கொண்டுபோய்ப் போடவேண்டும். முத்திருளனும் மலையம்மாளும் தாம்பாளத்தில் சேலையோடு போனார்கள். பாண்டிச்செல்வி பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள் அஸ்வினி, பத்தாவது படிக்கிறாள். சுற்றிலும் சனம்.

"மாமா" என்றாள் அஸ்வினி, மெதுவாக. "பள்ளிக்கூடத்துல கேக்குறாக. அப்பா வேகமாப் போனாரா?"

முத்திருளன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தகரத்தை எடுத்துச் சேலைமேல் வைத்தார்.

"ஒங்கப்பன் வேகமாப் போகல தாயி. வண்டிய எட்டாம் நாளு இறுக்கணும். இறுக்காம விட்டவன் நான்தேன். தப்பு ஏம் மேல. எல்லாருங் கேட்டுக்கங்க. மருது, நீயுங் கேட்டுக்க."

மருது எழுந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாண்டிச்செல்வி தகரத்தைப் பார்த்தாள். கையில் எடுக்கவில்லை.

"எட்டாம் நாளு வந்தாரேண்ணே. பழம் ஏத்துனேன்னு சொன்னாரே."

"பழம் மட்டுந்தேன் ஏத்துனேன்."

"அந்தப் பழத்த நான்தேன் வாங்கிக் குடுத்து விட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கோடிச்சேலை வெளியிலேயே கிடந்தது. கடைசியில் மலையம்மாள்தான் அதை எடுத்து மடித்துக்கொண்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

மறுநாள் முத்திருளன் ஸ்டேஷனுக்குப் போனார். தன்மேல் எழுதிக்கொள்ளச் சொன்னார். உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கேஸு முடிஞ்சிருச்சுய்யா. நீ ஒருத்தன், செத்துப்போனத தோண்டிக்கிட்டு. போ, போயிப் பொழப்பப் பாரு."

அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு நோட்டீஸு எழுதித் தரணும். எங்கிட்டத் தலை மாத்துன வண்டி இருநூறு ஓடுது. யாரு எவருன்னு எங்கிட்ட எழுத்தே இல்ல. எல்லாத்தையும் திரும்ப வரச் சொல்லணும்."

எழுதினேன். பழகிய கைதானே. ஒரு மில்லியைக் குறைத்த முதலாளியைப் பற்றி, உதிரிபாகம் கிடைக்காமல் செய்வதைப் பற்றி, தலைவர் வருகிறார் என்று தொழிலாளியைத் தெருவிலிருந்து துரத்துவதைப் பற்றி, ஒரு பக்கம் எழுதினேன். எல்லாமே நிஜம். வாசித்துக் காட்டினேன். முத்திருளன் கடைசிவரை கேட்டார்.

"எல்லாஞ் சரிதேண்ணே. ஆனா அவங்க எறங்கி வந்து இறுக்கப் போறதில்ல. நான் இறுக்கலன்னு மட்டும் எழுதுங்க."

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். நாலே வரி. 'ஆரப்பாளையம் முத்திருளன் பட்டறையில் முன் ஃபோர்க் மாற்றியவர்கள் உடனே வரவும். நான் வைத்த தகடு போதாது. ஒருவர் இறந்துவிட்டார். இலவசமாகப் பித்தளைப் புஷ் போட்டுத் தருகிறேன்.' என் வாழ்நாளில் நான் எழுதிய நோட்டீஸ்களில் சுருக்கமானது அதுதான். பஸ் ஸ்டாண்டிலும் காயலான் கடைகளிலும் ஒட்டினோம். மூன்றாம் நாள் அதன்மேல் ஒரு காதணி விழா போஸ்டர் ஏறியது.

பதினொரு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. பாதிப் பேர் வாசித்திருக்கமாட்டார்கள். வாசித்தவர்களும் நமக்கு இல்லை என்று நினைத்திருப்பார்கள். புது வேலை வருவது நின்றுவிட்டது. ஆளைக் கொன்ற கடை என்று பெயர். பீமாராவ் மட்டும் லேத்தில் உட்கார்ந்து புஷ் கடைந்துகொண்டே இருந்தார். இப்போதெல்லாம் அவர்களுக்குள் சண்டை இல்லை. அது எனக்குச் சகிக்கவில்லை.

பிறகுதான் முத்திருளன் ரோட்டில் நிற்க ஆரம்பித்தார். மதியம்வரை கடை. அப்புறம் அந்த வேப்பமரம். ஒன்பது மாடல் வண்டியில் டிஸ்க் இருந்தால், தூரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். நிறுத்தி இறுக்கிவிட்டு, புஷ் போடக் கடைக்கு வரச் சொல்வார்.

போன வாரம் நானும் கூட நின்றேன். தழைக்கட்டு ஏற்றிய ஒரு வண்டி வந்தது. கைகாட்டினார். ஓட்டிவந்தவர் அடையாளம் கண்டு நிறுத்தினார். துண்டை உதறி முகத்தைத் துடைத்தார்.

"என்னண்ணே, ரோட்டுல நின்னு ஆள் புடிக்கிற? கடையில கூட்டம் இல்லயா?"

"எறங்குப்பா. முன்னால போல்ட்டப் பாக்கணும்."

"ஏண்ணே, பழமெல்லாம் ஏத்தியாச்சுல்ல. மூணு வருசமாச்சு. ஆடு பசியோட கத்திக்கிட்டு கெடக்கும், விடுண்ணே."

"பழம் ஃபோர்க்கப் புடிக்காதுப்பா. எறங்கு."

அவர் முனகிக்கொண்டே இறங்கினார். அந்த நேரம் முட்டைக் குடோனின் வேன் சாயங்கால ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டியது. பாண்டிச்செல்வி அங்கேதான் இப்போது அட்டை அடுக்குகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதமாக அண்ணனோடு பேச்சில்லை. வேன் மெதுவாகத்தான் போனது. அவள் எங்களைப் பார்த்தாள், பிறகு நேரே பார்த்துக்கொண்டாள்.

முத்திருளன் நிமிரவில்லை. ஸ்பேனரை வலதுபக்கப் போல்ட்டில் வைத்து அழுத்தினார். முக்கால் சுற்று ஏறியது.

தழைக்கட்டுக்காரர் அதைப் பார்த்தார். அதற்கப்புறம் ஆட்டைப் பற்றிப் பேசவில்லை.